சில மாதங்களில் ஓர் அயல்மொழி: தீவிரப் படிப்புக்கும் மொழிச்சூழலில் வாழ்வதற்குமான முழுமையான வழிகாட்டி

அயல்மொழியை விரைவாகக் கற்க விரும்புவோருக்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை, அந்த மொழி பேசும் நாட்டுக்குப் போய்த் தங்கினால் அது தானாக வந்துவிடும் என்பதாகும். சிறு குழந்தைகளுக்கு இது பெருமளவு பொருந்தும். பெரியவர்களுக்கு அப்படிப் பொருந்துவதில்லை. பல ஆண்டுகள் வெளிநாட்டில் வேலை பார்த்தும், கடையில் பொருள் கேட்கவும் வழி விசாரிக்கவும் போதுமான சொற்களோடு நின்றுவிட்டவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். மறுபுறம், இலக்கண நூலைக் கரைத்துக் குடித்தவர் முதல் உரையாடலிலேயே எதிரில் இருப்பவர் சொன்னது பிடிபடாமல் திகைத்து நிற்பதையும் பார்க்கிறோம். முதலில் அடர்த்தியான படிப்பு, அதன்மேல் மொழிச்சூழல், இரண்டிலும் இடைவிடாத திருத்தம் என்ற வரிசையில் இவற்றை அமைத்துக்கொள்பவர்களே வேகமாக முன்னேறுகிறார்கள்.

திருத்தத்தை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கனடாவின் மான்ட்ரியலை அடுத்த செயின்ட் லாம்பர்ட்டில் 1965-ல், ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்குப் பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்தும் முறை தொடங்கி, பிறகு அந்நாடெங்கும் பரவியது. அத்தகைய வகுப்புகளை ஆராய்ந்த மெர்ரில் ஸ்வெய்ன் 1985-ல் ஒரு முக்கியமான முடிவை முன்வைத்தார். பல ஆண்டுகள் பிரெஞ்சிலேயே படித்த மாணவர்களுக்குக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் மிக நன்றாக வளர்ந்திருந்தது; ஆனால் அவர்கள் பேசும்போதும் எழுதும்போதும் இலக்கணப் பிழைகள் நீங்காமல் இருந்தன. கேட்பது மட்டும் போதாது, தாமே வாக்கியங்களை அமைத்துப் பேசும்படி கற்பவர்கள் தூண்டப்பட வேண்டும் என்பது அவருடைய வாதம். விரைவாகக் கற்க நினைப்பவர் தம் திட்டத்தை இந்தப் பாடத்தின் மீதுதான் கட்ட வேண்டும்.

மணிக்கணக்கில் திட்டமிடுங்கள்

மூன்று மாதம், ஆறு மாதம் என்று காலத்தைச் சொல்வதில் பொருளில்லை. எத்தனை மணி நேரம் உழைக்கப் போகிறீர்கள் என்பதே கேள்வி. அமெரிக்கத் தூதரக அதிகாரிகளுக்குப் பயிற்சியளிக்கும் வெளியுறவுப் பணி நிறுவனம் 1947 முதல் இயங்கி வருகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அலுவல் பணிக்குப் போதுமான தேர்ச்சி பெற, ஸ்பானிஷ், பிரெஞ்சு போன்ற மொழிகளுக்குச் சுமார் 600 முதல் 750 வகுப்பு மணிகள் தேவை என்று அது நெடுநாளாகக் கணக்கிட்டு வருகிறது. ரஷ்யன், இந்தி, தமிழ் போன்றவற்றுக்குச் சுமார் 1,100 மணிகளும், அரபு, சீனம், ஜப்பான், கொரியம் ஆகியவற்றுக்குச் சுமார் 2,200 மணிகளும் ஆகும் என்கிறது. வீட்டில் அமர்ந்து படிக்கும் நேரம் இதில் சேராது. முழுநேரமும் படிப்பதற்கே ஊதியம் பெறும் அதிகாரிகளுக்கே இவ்வளவு ஆகிறது என்பதை மனத்தில் கொண்டால், முப்பதே நாளில் சரளம் என்ற விளம்பரங்களை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும்.

தமிழர்களுக்கு இந்தப் பட்டியல் அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் பேசுவோரைத் திணற வைக்கும் ஜப்பானிய, கொரிய வாக்கிய அமைப்பு நமக்கு மிகவும் நெருக்கமானது. அதைப் பற்றி இலக்கணப் பகுதியில் விரிவாகப் பார்க்கலாம்.

இலக்கை வரையறுக்க, ஐரோப்பிய மன்றம் 2001-ல் வெளியிட்ட ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு படிநிலைகள் வசதியானவை. அன்றாட விஷயங்களை உரையாடிச் சமாளிக்கும் நிலை பி1. பெரும்பாலான பேச்சில் சிரமமின்றிக் கலந்துகொள்ளும் நிலை பி2. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு பி1 நிலைக்கு 350 முதல் 400 மணிகளும், பி2 நிலைக்கு 500 முதல் 600 மணிகளும் ஆசிரியர் துணையோடு படிக்க வேண்டும் என்று மதிப்பிடுகிறது. ஒரு நாளைக்கு 5 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள், 12 வாரம் என்று உழைத்தால் 360 மணிகள் சேரும். அதே 360 மணிகளை நாளுக்கு அரை மணியாகப் பரப்பினால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். நடுவில் மறந்தவற்றைத் திரும்பப் படிப்பதிலேயே கணிசமான பகுதி கழிந்துவிடும். தீவிரப் படிப்பின் பயன் இங்கேதான் இருக்கிறது. நேற்றுக் கற்ற சொல்லை இன்று மூன்று இடங்களில் சந்திக்கும் அளவுக்கு நாட்கள் நெருங்கி அமைகின்றன.

முதல் இரண்டு வாரம்: ஒலியும் எழுத்தும்

பெரும்பாலானோர் இந்தக் கட்டத்தை இரண்டே நாளில் தாண்டிவிட விரும்புகிறார்கள். என் கருத்தில், முழுத் திட்டத்திலும் மிக அதிகப் பலன் தரும் முதலீடு இதுவே. ஓர் ஒலியைக் காது பிரித்தறியாவிட்டால் அந்த ஒலி வரும் சொற்களெல்லாம் நினைவில் குழம்பும். பின்னாளில் திருத்துவது பல மடங்கு கடினம்.

தமிழ் பேசுவோருக்கு எங்கே இடறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். கொரிய மொழியில் ககரம் போன்ற ஒலி மூன்று வகையாக வரும். மூன்றும் வெவ்வேறு சொற்களை உண்டாக்கும். சீனத்தில் மூச்சோடு வரும் பகரமும் மூச்சில்லாத பகரமும் வேறு. அதற்கு மேல் நான்கு தொனிகள் உண்டு. பிரெஞ்சில் மூக்கொலி உயிர்கள், ஜெர்மனில் உதட்டைக் குவித்துக்கொண்டு இகரம் சொல்லும் ஒலி ஆகியவை நம் காதுக்குப் புதியவை. மாறாக, ஜப்பானிய மொழியில் குறில் நெடில் வேறுபாடு பொருளையே மாற்றும். ‘ஒபசான்’ என்றால் அத்தை, ‘ஒபாசான்’ என்றால் பாட்டி. நமக்குப் பிறவியிலேயே பழகிய வேறுபாடு இது.

பயிற்சி எளிமையானது. ஒரே ஓர் ஒலியில் மட்டும் வேறுபடும் சொல் இணைகளைப் பலருடைய குரலில் கேட்டு, எது எது என்று ஊகித்து, உடனே விடையைச் சரிபார்க்க வேண்டும். ஜப்பானியர்களுக்கு ஆங்கிலத்தின் ரகர லகரத்தைப் பிரித்தறியப் பயிற்சி அளித்த 1990-களின் ஆய்வுகள், ஒரே குரலைக் கேட்பதைவிடப் பல குரல்களைக் கேட்பதே புதிய ஆட்களின் பேச்சையும் புரிந்துகொள்ள உதவுகிறது என்று காட்டின. நாளுக்கு இருபது நிமிடம் போதும். இரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும்.

எழுத்தைப் பொறுத்தவரை, கொரிய எழுத்துகள் 24-ஐயும் சில நாட்களில் கற்றுவிடலாம். ஜப்பானிய ஹிராகனா 46-க்கு ஒரு வாரம் ஆகும். எந்த மொழியானாலும் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துவைத்துப் படிக்கும் பழக்கத்தை முதல் வாரத்தோடு நிறுத்திவிடுங்கள். ஒலியைத் தமிழ் எழுத்து நமக்குப் பழகிய உச்சரிப்பின் பக்கம் இழுத்துச் சென்றுவிடும்.

சொற்கள்: எவற்றை, எப்படி

எந்த மொழியிலும் மிகுதியாகப் புழங்கும் 2,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து வரும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) அன்றாடப் பேச்சின் மிகப் பெரும் பகுதியை அடைத்துக்கொள்கின்றன. ஆகவே, பழங்களின் பெயர்கள், விலங்குகளின் பெயர்கள் என்று தலைப்பு வாரியாகப் போகாமல், புழக்க வரிசைப் பட்டியலில் இருந்து தொடங்குங்கள். ‘போ’, ‘வை’, ‘நினை’, ‘ஏற்கெனவே’, ‘கிட்டத்தட்ட’ போன்றவை ‘வரிக்குதிரை’க்கு முன் வர வேண்டும்.

மனப்பாடத்துக்கு உரிய முறை இடைவெளி விட்டு மீளப் பார்ப்பது. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-ல், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்து, திரும்பப் பார்க்காதவை முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக மறந்துபோவதைக் காட்டினார். மறக்கப்போகும் தறுவாயில் ஒரு முறை நினைவுகூர்ந்தால் அடுத்த மறதி தள்ளிப்போகிறது. செபாஸ்டியன் லைட்னர் 1970-களில், ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையும் எழுதிய அட்டைகளையும் பெட்டிகளையும் கொண்டு பரப்பிய இந்த முறையை, இன்று 2006-ல் வெளிவந்த ஆங்கி போன்ற செயலிகள் தாமாகவே கணக்கிட்டுச் செய்கின்றன.

அட்டையில் தனிச் சொல்லை எழுதாதீர்கள். அந்தச் சொல் வரும் சிறு வாக்கியத்தை, ஒலிப்பதிவோடு சேர்த்து வையுங்கள். பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் பயனில்லை. விடையை மறைத்துவிட்டு நினைவிலிருந்து இழுத்து வெளியே கொண்டுவரும் முயற்சியே நினைவை உறுதியாக்குகிறது. நாளுக்கு 20 புதிய அட்டைகள் என்றால் நூறு நாளில் 2,000 ஆகும். இதற்கு மேல் ஆசைப்படுபவர்கள் மூன்றாம் வாரத்தில் திரும்பப் பார்க்க வேண்டிய அட்டைகளின் குவியலில் சிக்கி, மொத்தமாகவே கைவிட்டுவிடுகிறார்கள்.

இலக்கணத்தைத் தமிழ் வழியாகப் பாருங்கள்

நம்மில் பலர் அயல்மொழியை ஆங்கிலப் பாடநூல் வழியாகவே கற்கிறோம். அதில் தவறில்லை. ஆனால், ஒவ்வோர் இலக்கண விதியையும் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளும்போது, கையில் இருக்கும் பெரிய உதவியை விட்டுவிடுகிறோம்.

ஜெர்மனில் ‘உதவு’ என்ற வினை நான்காம் வேற்றுமையை வேண்டும். ஆங்கில வழியாகச் சிந்திப்பவர் ‘உன்னை உதவுகிறேன்’ என்பதுபோல ‘இஹ் ஹெல்ஃப டிஹ்’ என்று சொல்லிவிடுவார். சரியான வடிவம் ‘இஹ் ஹெல்ஃப டியர்’. ‘உனக்கு உதவுகிறேன்’ என்று இயல்பாகச் சொல்லும் தமிழருக்கு இது விதிவிலக்காகவே தோன்றாது. ஸ்பானிஷில் ‘மே குஸ்தா’ என்பதும், ரஷ்ய மொழியில் ‘ம்னே ஹோலத்னா’ என்பதும் ஆங்கிலப் பாடநூல்களில் பக்கக் கணக்கில் விளக்கம் பெறுகின்றன. முதலாவது ‘எனக்குப் பிடிக்கும்’, இரண்டாவது ‘எனக்குக் குளிர்கிறது’. உணர்பவரை எழுவாயாக வைக்காமல் நான்காம் வேற்றுமையில் வைக்கும் இந்தப் பழக்கம் நம்மிடம் நாள்தோறும் புழங்குவது.

ஜப்பானிய மொழியில் இந்த நெருக்கம் இன்னும் வியப்பூட்டும். ‘நேற்று வாங்கிய புத்தகம்’ என்பதை ‘கினோ கத்தா ஹோன்’ என்பார்கள். நேற்றுக்கு ‘கினோ’, வாங்கியதற்கு ‘கத்தா’, புத்தகத்துக்கு ‘ஹோன்’. வரிசையும் அதே, பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்கும் முறையும் அதே. உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டுகின்றன. வினை கடைசியில் வருகிறது. கொரியத்திலும் இப்படியே. தமிழில் வாக்கியத்தை எண்ணி, சொற்களை மட்டும் மாற்றினால் பல நேரங்களில் சரியான வாக்கியமே கிடைத்துவிடும். ஆங்கிலத்தில் எண்ணிவிட்டு மொழிபெயர்ப்பவர் இந்த வசதியை முழுவதும் இழக்கிறார்.

தமிழ் உதவாத இடங்களும் உண்டு. உயிரற்ற பொருள்களுக்கும் ஆண்பால் பெண்பால் வகுக்கும் பிரெஞ்சு, மூன்று பால் கொண்ட ஜெர்மன் ஆகியவற்றில் பெயர்ச்சொல்லை, அதன் பாலைக் காட்டும் சுட்டுச்சொல்லோடு (ஆங்கிலத்தின் ‘தி’ போன்றது) சேர்த்தே முதல் நாளிலிருந்து மனத்தில் ஏற்ற வேண்டும்; பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஆயிரம் சொற்களை மீண்டும் கற்க நேரிடும்.

இலக்கண நூலை முதல் ஆறு வாரத்தில் ஒரு முறை முழுவதுமாகப் படித்துவிடுங்கள். எல்லாம் நினைவில் நிற்க வேண்டியதில்லை. கேட்கும்போதும் வாசிக்கும்போதும் ‘இப்படி ஒன்று உண்டே’ என்று கவனத்தில் தட்டுப்பட்டால் போதும்.

காதைப் பழக்குதல்

படித்த பிரெஞ்சுக்கும் கேட்கும் பிரெஞ்சுக்கும் உள்ள தூரத்தை ஒரு வாக்கியத்திலேயே காட்டிவிடலாம். ‘எனக்குத் தெரியாது’ என்பதைப் பாடநூல் ‘ஜ ந சே பா’ என்று நான்கு சொற்களாகக் கற்பிக்கிறது. தெருவில் அது ‘ஷேபா’ என்று ஒரே மூச்சில் வருகிறது. எதிர்மறையின் முதல் பாதி விழுந்துவிடுகிறது, எஞ்சியவை ஒட்டிக்கொள்கின்றன. நான்கு சொற்களையும் நன்கு அறிந்தவரே இதைக் கேட்டுத் தமக்குத் தெரியாத சொல் என்று எண்ணிவிடுவார். பின்னணியில் வானொலியை ஓடவிட்டுக்கொண்டு வேறு வேலை பார்ப்பதால் இது சரியாகாது.

சொல்வதை எழுதும் பயிற்சிதான் இதற்கு மருந்து. எழுத்து வடிவமும் கிடைக்கக்கூடிய, இயல்பான பேச்சு உள்ள ஒரு நிமிட ஒலிப்பதிவைத் தேர்ந்துகொள்ளுங்கள். முதலில் எழுத்தைப் பார்க்காமல் இரண்டு முறை கேளுங்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, காதில் விழுந்ததை எழுதுங்கள். புரியாத இடத்தில் கோடிட்டு விடுங்கள். ஒரே வாக்கியத்தைப் பத்து முறை கேட்க நேர்ந்தாலும் தவறில்லை. அடுத்து, எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொரு பிழையையும் வகைப்படுத்துங்கள். தெரியாத சொல்லா, தெரிந்த சொல் சிதைந்து ஒலித்ததா, இலக்கண உருபு காதில் விழவில்லையா என்று பாருங்கள். இரண்டாம் மூன்றாம் வகைப் பிழைகளே உங்கள் காதின் உண்மையான நிலையைக் காட்டும். கடைசியாக அதே பதிவை ஓடவிட்டு, பேசுபவரின் குரலுக்கு அரை நொடி பின்னால் அவருடைய ஏற்ற இறக்கத்தோடு நீங்களும் உரக்கப் பேசுங்கள். ஒரு நிமிடப் பதிவுக்கு இதெல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆறு வாரம் நாள்தோறும் செய்தவருக்கு, இயல்பான வேகத்தில் பேசுபவர்களைக் கேட்பதில் தெளிவான மாற்றம் தெரியும்.

வாசிப்புக்கும் ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். அகராதி இல்லாமல் சுகமாக வாசிக்க நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது சொல்வள ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் அளவு. 300 சொல் கொண்ட பக்கத்தில் ஆறுக்கு மேல் தெரியாத சொற்கள் இருந்தால், அந்த நூல் இப்போதைக்கு உங்களுக்கு உரியதன்று. படிநிலை வாரியாக எளிமையாக்கப்பட்ட நூல்களை எடுங்கள்.

பேச்சும் திருத்தமும்

மூன்றாம் வாரத்திலிருந்து வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியரோடு இணையவழியிலோ நேரிலோ பேசுங்கள். மொழிப் பரிமாற்ற நண்பர்கள் நல்ல துணைதான். ஆனால், அவர்கள் நட்பின் காரணமாகப் பிழைகளைத் திருத்தாமல் கடந்துவிடுவார்கள். திருத்துவதைத் தம் கடமையாகக் கருதும் ஒருவருக்குப் பணம் செலவிடுவதே இந்தத் திட்டத்தில் தவிர்க்கக் கூடாத செலவு என்று கருதுகிறேன்.

அந்த ஒரு மணி நேரத்தை இப்படிப் பயன்படுத்தலாம். நேற்று நடந்த ஒன்றையோ வாசித்த செய்தியையோ நான்கு நிமிடம் சொல்லுங்கள். ஆசிரியர் குறுக்கிடாமல் பிழைகளைக் குறித்துக்கொண்டு, முடிந்ததும் ஐந்தாறு பிழைகளை மட்டும் விளக்கட்டும். அதே செய்தியை மூன்று நிமிடத்தில் மீண்டும் சொல்லுங்கள். பிறகு இரண்டு நிமிடத்தில். உள்ளடக்கம் மாறாததால் கவனம் முழுவதும் சொல்லும் விதத்தில் குவிகிறது. நாக்கு வேகம் பெறுகிறது. மீதி நேரம் கட்டற்ற உரையாடல். வகுப்பு முடிந்ததும், திருத்தப்பட்ட ஒவ்வொரு வாக்கியத்தையும் முழுமையாக அட்டையில் ஏற்றுங்கள். உங்கள் பிழைகளிலிருந்து பிறந்த இந்த அட்டைகள், யாரோ தயாரித்த ஆயிரம் அட்டைகளைவிட மதிப்புள்ளவை.

மொழிச்சூழலில் வாழ்தல்

நாட்டுக்குள் போய் இறங்குவதற்கு ஏற்ற தருணம், ஏ2-ஐக் கடந்து பி1-ஐ நெருங்கும்போது. அதற்கு முன் போனால் சுற்றிலும் கேட்பது வெறும் இரைச்சலாகவே இருக்கும். விலை உயர்ந்த வாரங்கள் எழுத்துக் கற்பதிலேயே போய்விடும். மொழி எல்லாப் பக்கமும் சூழ்ந்திருந்தாலும் வகுப்பு தேவைப்படும் என்பதற்கு இஸ்ரேலின் உல்பான்கள் சான்று. பல நாடுகளிலிருந்து குடியேறியவர்களுக்கு எபிரேயம் கற்பிக்க 1949-ல் ஜெருசலேமில் முதல் உல்பான் தொடங்கப்பட்டது. தெருவெங்கும் எபிரேயம் ஒலித்தும், அவர்களை நாள்தோறும் சுமார் ஐந்து மணி நேரம், ஐந்து மாதம் வகுப்பில் அமர்த்தியே கற்பித்தார்கள்.

இன்னொரு முன்னுதாரணம் அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரி. 1915-ல் ஜெர்மனோடு தொடங்கிய அதன் கோடைகால மொழிப்பள்ளிகளில், மாணவர்கள் கற்கும் மொழியிலேயே பேசவும் வாசிக்கவும் எழுதவும் உறுதியளித்துக் கையெழுத்திடுகிறார்கள். மற்ற நாடுகளில் அலைந்து தேடும் சூழலை, அவர்கள் ஒரு வளாகத்துக்குள் ஒப்பந்தத்தால் உருவாக்கிவிடுகிறார்கள். வெளிநாடு செல்ல வசதியில்லாதவர்கள் இதிலிருந்து கற்க வேண்டும். வீட்டில் ஒருவரோடு நாளுக்கு மூன்று மணி நேரம் இத்தகைய உறுதியைக் கடைப்பிடிப்பதும், கைப்பேசியையும் கணினியையும் அந்த மொழிக்கு மாற்றுவதும், நாட்குறிப்பை அந்த மொழியில் எழுதுவதும் சிறிய செயல்களாகத் தெரிந்தாலும் மணிக்கணக்கைக் கணிசமாகக் கூட்டும்.

போகிறவர்களுக்கு மூன்று விஷயங்கள் முக்கியம். ஒன்று, தங்குமிடம். அந்த ஊர்க் குடும்பத்தோடு தங்குங்கள். ஒரே நாட்டு மாணவர்கள் சேர்ந்து தங்கும் விடுதி வசதியாக இருந்தாலும், மாலை நேரங்கள் முழுவதையும் தாய்மொழி விழுங்கிவிடும். இரண்டு, திரும்பத் திரும்பச் சந்திக்கும் கூட்டம். சுற்றுலாத் தலங்களில் நடக்கும் பேச்சு ‘எங்கிருந்து வருகிறீர்கள்’ என்பதைத் தாண்டாது. விளையாட்டுக் குழு, சேர்ந்திசைக் குழு, தன்னார்வப் பணி என்று வாரந்தோறும் அதே முகங்களைக் காணும் இடத்தில்தான் உரையாடல் ஆழமாகும். மூன்று, நீங்கள் தடுமாறியதும் எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறுவது. அது உதவும் மனப்பான்மைதான். ‘நான் கற்றுக்கொண்டிருக்கிறேன், தயவுசெய்து இந்த மொழியிலேயே பேசலாமா’ என்ற வாக்கியத்தைத் தடுமாற்றமே இல்லாமல் சொல்லும்படி ஊரிலேயே நூறு முறை பழகிக்கொண்டு போங்கள். அந்த ஒரு வாக்கியம் சரளமாக வந்தாலே பலர் மாற்றிக்கொள்வார்கள்.

அங்கேயும் காலையில் அட்டைகளும் ஆசிரியரும் தொடரட்டும். பிற்பகலும் மாலையும் மனிதர்களுக்கு. இரவு உறக்கத்தைக் குறைத்துப் படிக்காதீர்கள். பகலில் கற்றது நினைவில் படிவது உறக்கத்தின்போதுதான். ஐந்து மணி நேரத் தீவிரப் படிப்புக்குப் பிறகு மூளை மறுப்பது சோம்பலால் அன்று.

தேக்கமும், அதற்குப் பிறகும்

பி1-ஐ எட்டியதும் முன்னேற்றம் நின்றுவிட்டதுபோலத் தோன்றும். தொடக்கத்தில் ஒவ்வொரு புதிய சொல்லும் நூறு இடங்களில் பயன்பட்டது. இப்போது கற்கும் சொல் மாதத்துக்கு இரு முறைதான் வரும். ஆகவே உணர்வை நம்பாமல், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரே தலைப்பில் ஐந்து நிமிடம் பேசி ஒலிப்பதிவு செய்து வையுங்கள். முதல் பதிவையும் புதியதையும் அடுத்தடுத்துக் கேட்டால் மாற்றம் தெரியும். மாறாத பிழைகளும் தெரியும். அந்தப் பிழைகளில் இரண்டை மட்டும் எடுத்து அடுத்த இரண்டு வாரம் ஆசிரியரிடம் கண்டிப்பாகத் திருத்தச் சொல்லுங்கள். இந்த நிலையில் பொதுவான பாடநூலை விட்டுவிட்டு, உங்கள் தொழில் அல்லது ஆர்வம் சார்ந்த ஒரே துறையில் வாசித்தும் கேட்டும் வந்தால், அத்துறைச் சொற்கள் அடிக்கடி திரும்ப வந்து விரைவில் படியும்.

தீவிரக் காலம் முடிந்தபின் அப்படியே விட்டால் பேச்சுத்திறன்தான் முதலில் துருப்பிடிக்கும். அட்டைகளுக்கு நாளுக்குப் பதினைந்து நிமிடம், வாசிப்புக்கோ கேட்பதற்கோ அரை மணி, ஆசிரியரோடு வாரத்துக்கு ஒரு மணி என்ற அளவைக் குறைந்தது ஓராண்டு தொடருங்கள். பி2-ஐ நோக்கி மீண்டும் ஒரு தீவிரக் காலம் எடுக்க நினைப்பவர்கள், இந்தப் பராமரிப்பு ஆண்டில் அதற்கான விடுப்பையும் பணத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.